சீலிங்கில் ஈரக்கறையா? பெயின்ட் டப்பாவை அப்புறம் திறங்க!

சென்னையில் எங்கள் வீட்டு ஹால் சீலிங்கில் ரொம்ப வருஷமாக ஒரு பழுப்புக் கறை உண்டு. தீபாவளிக்கு அப்பா அதன்மேல் வெள்ளையடிப்பார். கார்த்திகை தீபத்துக்குள் அது மறுபடி எட்டிப்பார்க்கும். 'பழைய வீடுன்னா அப்படித்தான்' என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன வருஷம் மழையில் ஒரு மத்தியானம், தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து பாட்டியின் கட்டிலில் விழுந்தது. நல்லவேளை, பாட்டி சாப்பிட எழுந்து போயிருந்தார். விழுந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

கம்பி துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். நாங்கள் வருஷா வருஷம் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மூடி வைத்தது இதைத்தான்.

வந்து பார்த்த கொத்தனார் கேட்ட முதல் கேள்வி, "மழைக்கு மட்டும் ஒழுகுதா, வெயில் நாள்லயும் ஈரமா இருக்கா?" மழைக்கு மட்டும் என்றால் மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும். எப்போதும் ஈரம் என்றால் பைப் அல்லது மேல்வீட்டு பாத்ரூம். அந்த பாத்ரூமின் தண்ணீர் போகும் வாயை அடைத்து, ஒருநாள் தண்ணீர் தேக்கினால் தெரிந்துவிடும். (மேல்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் பேசினால்தான் இது நடக்கும்!)

சொட்டும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் கறை ஹால் நடுவில். கோளாறு மாடி மூலையில். மழைநீர் பைப் வாயை வேப்பஞ்சருகு அடைத்து, தண்ணீர் குளமாக நின்று, தட்டோட்டு இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது. கான்கிரீட்டுக்குள் போகும் ஒயரிங் பைப் வழியாகக்கூடத் தண்ணீர் பயணம் செய்யும். ஃபேன் ராடு வழியாகச் சொட்டினால் சுவிட்சைத் தொடாதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் போர்டே நனைந்திருந்தால் அதையும் தொட வேண்டாம்.

மழை நடுவில் பெரிய வேலை எதுவும் நிற்காது. பைப் வாயைச் சுத்தம் செய்யலாம், கட்டிலை நகர்த்தலாம். சீலிங்கை நீளக் கம்பால், தள்ளி நின்று லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் அதற்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது.

நாங்கள் சித்திரை வெயிலில் வேலையை ஆரம்பித்தோம். முதலில் மாடி விரிசல், வாட்டர் ப்ரூஃபிங். பிறகுதான் கீழே. ஆடிய காரையைத் தட்டி எடுத்து, கம்பியை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கான பாலிமர் கலவையால் பூசினார்கள். கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் கொத்தனார் போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்த அளவு போகவில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு கடைசியாகத்தான் பெயின்ட்.

பாட்டியின் கட்டில் மட்டும் இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. "ஒரு மழை பார்த்துட்டு வரேன்" என்கிறார்.