பனம்பழம் பல முற்றங்களில் விழுந்தது

எக்ஸ்ரே என்று பேச்செடுத்தாலே ‘தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். 1895 நவம்பர் 8 அன்று, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வில்ஹெல்ம் ரான்ட்ஜென், காற்று அகற்றிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தும், தள்ளியிருந்த பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை மினுங்கியது. அந்த மினுங்கலை அவர் தேடிப் போகவில்லை என்பது சரிதான். (அன்று நடந்ததை அணுஅணுவாகச் சொல்ல இனி வழியில்லை, ஆய்வுக் குறிப்புகளைத் தன் மறைவுக்குப் பின் எரித்துவிடச் சொல்லிவிட்டார் மனிதர்.) ஆனால், மினுங்கல் வேறு, கண்டுபிடிப்பு வேறு.

அந்தக் காலத்தில் இத்தகைய குழாய்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஆய்வகங்களில் இருந்தன. உயர் மின்னழுத்தத்தில் அவற்றை இயக்கியவர்கள் தமக்கே தெரியாமல் எக்ஸ் கதிர்களை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 1890 பிப்ரவரி 22 அன்று பிலடெல்பியாவில் இயற்பியலாளர் ஆர்தர் குட்ஸ்பீடும் புகைப்படக்காரர் வில்லியம் ஜென்னிங்ஸும் இத்தகைய குழாயை இயக்கிப் பார்த்த அறையில், நாணயங்கள் வைக்கப்பட்டிருந்த ஒளிப்படத் தகடு ஒன்றைக் கழுவிப் பார்த்தபோது வட்ட வட்டமாக நிழல் விழுந்திருந்தது. காரணம் புரியவில்லை; தகடு ஓரமாகப் போனது. ஆக, பனம்பழம் ஐந்தாண்டுகளுக்கு முன்பே ஒரு முற்றத்தில் விழுந்திருக்கிறது.

ரான்ட்ஜென் செய்தது வேறு. குழாய்க்குள் எதிர்மின்வாயிலிருந்து ஓடும் கேத்தோடு கதிர்கள் வெளிக்காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் செல்வதில்லை. திரையோ அதற்கும் அப்பால் இருந்தது. அந்தக் கணக்கு இடித்ததால் ஏழு வாரம் ஆய்வகமே கதியென்று கிடந்தார். ஆயிரம் பக்கப் புத்தகத்தைக் குறுக்கே வைத்தார், திரை மினுங்கியது. ஒன்றரை மில்லிமீட்டர் ஈயத்தகடு வைத்தார், அநேகமாக அணைந்துபோனது. காந்தம் கதிரை வளைக்கவில்லை. கண் ஏமாற்றக்கூடும் என்று ஒளிப்படத் தகட்டிலும் பதிந்து பார்த்தார். டிசம்பர் 22 அன்று மனைவி அன்னா பெர்த்தாவின் கையைத் தகட்டின்மேல் வைக்கச் சொன்னார். எலும்பும், விரலில் கரிய வளையமாக மோதிரமும் பதிந்தன. ஆறு நாளில் கட்டுரை தயார்.

அவர் இல்லாவிட்டால் வேறொருவர் கண்டுபிடித்திருப்பார் என்பார்கள். இருக்கலாம், அது தற்செயல் வாதத்துக்குத்தான் எதிரானது. துறையே அந்த வாசலில் வந்து நின்றது என்றால், அதிர்ஷ்டத்துக்கு அங்கே என்ன வேலை? பொருத்தமான திரை கைவசம் இருந்ததே, அது அதிர்ஷ்டம் இல்லையா என்பது இதைவிட வலுவான கேள்வி. கேத்தோடு கதிர்களை ஆராய்ந்துவந்த பிலிப் லெனார்டு பயன்படுத்திய திரையின் பூச்சு எக்ஸ் கதிர்பட்டால் மினுங்காத வகை. அந்த அளவுக்கு அதிர்ஷ்டத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் திரை காட்டியது வெளிச்சத்தை மட்டுமே. அது எங்கிருந்து வருகிறது, எதில் நிற்கிறது, எதை ஊடுருவுகிறது என்பதெல்லாம் சோதித்துப் பெற்ற விடைகள். ரான்ட்ஜென் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரவில்லை; சில வாரங்களுக்குள்ளேயே மருத்துவர்கள் முறிந்த எலும்பைப் படமெடுக்கத் தொடங்கினார்கள்.

செய்தி அமெரிக்காவை எட்டிய பிறகுதான் குட்ஸ்பீடு பழைய தகட்டை எடுத்துப் பார்த்தார். நிழலின் பொருள் விளங்கியது. கண்டுபிடிப்புக்கு அவர் உரிமை கோரவில்லை.