9 வருஷம் சிறை, பிறகு விடுதலை! ஓட்டுக் கணக்கில் சிக்கிய மதானி

கோவை குண்டுவெடிப்பு கேஸில் ஒன்பது வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். கடைசியில் குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்று கோர்ட்டு விடுதலை செய்தது. வெளியே வந்து மூன்று வருஷம்தான். மறுபடியும் கைது!

அவர் பெயர் அப்துல் நாசர் மதானி. கேரளத்தில் கொல்லம் ஜில்லா சாஸ்தாங்கோட்டைப் பக்கத்துக்காரர். மார்க்கக் கல்வி படித்த மௌலவி. அன்வார்சேரியில் மதப் பாடசாலை நடத்தியவர். மைக் பிடித்தால் கூட்டம் நள்ளிரவானாலும் கலையாது. அந்தப் பேச்சுதான் அவருக்குப் பலம். வினையும் அதுதான்!

போனது கால்

ஆர்.எஸ்.எஸ்.ஸுக்குப் போட்டியாக ‘இஸ்லாமிக் சேவக் சங்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். பேச்சில் அனல் பறந்தது. 1992 ஆகஸ்டில் அவர் மீது குண்டு வீசினார்கள். வலது கால் போயிற்று. அந்த டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. மத்திய அரசு தடை செய்த அமைப்புகளில் மதானியின் அமைப்பும் ஒன்று.

1993ல் பாதையை மாற்றினார். மக்கள் ஜனநாயகக் கட்சி பிறந்தது. முஸ்லிம், தலித், பிற்பட்டோர் ஒன்று சேர வேண்டும் என்பது கோஷம். அதுவரை கேரள முஸ்லிம் ஓட்டு என்றால் முஸ்லிம் லீக்தான். 1994 குருவாயூர் இடைத்தேர்தலில் மதானி கட்சி ஓட்டைப் பிரித்தது. லீக் தோற்றது. இரண்டு அணிகளும் அவரைத் திரும்பிப் பார்த்தன.

கோவை கேஸ்

1998 பிப்ரவரி 14. கோவையில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். சதியில் பங்கு என்று மார்ச் கடைசியில் மதானி கைதானார். ஜாமீன் மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடி. ஒற்றைக் காலோடு சிறைவாசம்.

2007 ஆகஸ்ட் 1ல் தனிக்கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அல்-உம்மா தலைவர் பாஷா உள்பட பலருக்கு அதே கேஸில் தண்டனை கிடைத்தது. ஊருக்குத் திரும்பிய மதானி, பழைய சூடான பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தார்.

அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள்? 2006 மார்ச்சில், சட்டசபைத் தேர்தல் வாசலில் நிற்கும்போது, மதானியை விடச் சொல்லி கேரள சட்டசபை ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஆளும் காங்கிரஸ் அணியும் எதிரே இருந்த மார்க்சிஸ்ட் அணியும் சேர்ந்தே கை தூக்கின. எட்டு வருஷமாக வராத இரக்கம் தேர்தல் சமயத்தில் வந்தது!

2009 பார்லிமென்ட் தேர்தலில் மார்க்சிஸ்டுகள் அவரோடு ஒரே மேடை ஏறினார்கள். பொன்னானியில் லீக்கை வீழ்த்துவது திட்டம். நடந்ததோ நேர்மாறு. பொன்னானியில் லீக் ஜெயித்தது. மாநிலம் முழுதும் 20 தொகுதியில் இடது அணிக்கு நாலுதான். மதானியால் வந்த ஓட்டைவிட போன ஓட்டு அதிகம் என்று கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு.

மறுபடியும்

2008 பெங்களூர் குண்டுவெடிப்பு கேஸில், 2010 ஆகஸ்ட் 17 அன்று கர்நாடக போலீஸ் அன்வார்சேரி வந்து அவரைப் பிடித்துப் போனது. அப்போது கேரளத்தில் யார் ஆட்சி? முந்தின வருஷம் மேடையில் பக்கத்தில் உட்கார்ந்த அதே மார்க்சிஸ்டுகள்!

2014ல் சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. ஆனால் பெங்களூரை விட்டு நகரக் கூடாது என்று நிபந்தனை. சொந்த ஊரில் போய்த் தங்க அனுமதி கிடைத்தது 2023 ஜூலையில். அன்றைக்கும் அந்தக் கேஸில் தீர்ப்பு வந்தபாடில்லை.

முதல் கைதின்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஊர் திரும்பும்போது ஐம்பதைத் தாண்டி, சக்கர நாற்காலியில் நோயாளி. அவர் கட்சிக்கு ஒரு சட்டசபை சீட்டுகூட கிடைத்ததில்லை. பேரை மட்டும் எல்லோரும் பயன்படுத்திக் கொண்டார்கள்.

அவருடைய பேச்சு பிடிக்கவில்லை என்பவர்கள் உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் பேச்சு வேறு, குண்டு வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியது கோர்ட்டு. அதற்கு ஒன்பது வருஷம் பிடித்தால் யாருக்கு லாபம்? கேஸ் சீக்கிரம் முடிந்தால் குற்றவாளிக்குத் தண்டனை தள்ளிப் போகாது. குற்றம் செய்யாதவன் உள்ளே கிடக்கவும் வேண்டாம். 58 உயிரைப் பறிகொடுத்த கோவைக்கும் அதுதான் நியாயம்.