அந்தத் தங்கக் கோடு

'அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது.' என் புல்லட் ஓவியத்தைப் பார்ப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சொல்வது இதைத்தான். முன்பு கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். இப்போது கூச்சமாக இருக்கிறது. காரணம், அதில் ஒரு பொய் இருக்கிறது.

1993. டெல்லி கரோல் பாக்கில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் நின்றிருந்தது அந்தக் கறுப்பு புல்லட். மழை விட்ட நேரம். ஒரு ரோல் ஸ்லைடு பிலிமை அங்கேயே தீர்த்தேன். அப்புறம் வழக்கமான வேலைதான். ஸ்லைடை புரொஜெக்டரில் போட்டு, 5 அடிக்கு 4 அடி கேன்வாஸில் விழச் செய்து, பென்சிலால் எல்லைகளைக் குறித்துக்கொண்டு, எண்ணெய் வண்ணத்தால் அங்குலம் அங்குலமாக நிரப்புவது. ஏழு மாதம் பிடித்தது.

முறை என் கண்டுபிடிப்பு அல்ல. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய போட்டோ ரியலிசம்தான். அந்தப் பாணியின் முன்னோடிகளில் ஒருவரான டாம் பிளாக்வெல் (1938-2020) மோட்டார் சைக்கிள்களை வரைந்து பெயர் வாங்கியவர். அவர் படங்களைப் பார்த்து நான் கற்ற பாடம்: குரோமியத்துக்குச் சொந்த நிறம் கிடையாது. சைலன்சரை வரைய வெள்ளி நிறத்தைத் தேடக் கூடாது. அதில் வளைந்து நெளிந்து தெரியும் தெருவையும் வானத்தையும் வரைந்தால் உலோகம் தானாக மின்னும். என் ஓவியத்தின் ஹெட்லைட் விளிம்பில் எதிர்த்த டீக்கடையின் கெட்டில்கூடத் தெரியும். காலண்டரிலும் தாபா சுவர்களிலும் அது இடம்பிடித்ததற்கு இந்தத் துல்லியமே காரணம்.

பொய் இருப்பது டேங்க்கில். அதன் ஓரமாக ஓடும் மெல்லிய தங்கக் கோட்டை ஸ்லைடில் பெரிதாக்கிப் பார்த்தபோது, வளைவில் ஒரு மயிரிழை தடித்து, மறுபடி மெலிந்திருந்தது. அப்படியே வரைந்தால் என் கை பிசகிவிட்டது என்பார்களே! டேப் ஒட்டி, மூன்று நாள் உழைத்து, கோட்டைச் சீராக்கினேன்.

2004-ல் சென்னைக்குப் போனபோது, திருவொற்றியூரில் 1950களிலிருந்து புல்லட் தயாரித்துவந்த தொழிற்சாலையைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. ஒருவர் டேங்க்குகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அளவுகோல் இல்லை, டேப் இல்லை. நீண்ட மயிர் பிரஷ்ஷை வண்ணத்தில் தோய்த்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பு. வளைவு வந்ததும் மணிக்கட்டு திரும்பியது. கோடு ஒரு மயிரிழை தடித்தது.

அதே தடிப்பு. 11 ஆண்டுகளுக்கு முன் பிழை என்று நான் அழித்தது, இவருடையதோ இவரைப் போன்ற இன்னொருவருடையதோ, ஒரு கையின் அடையாளம்.

நானும் ஓவியன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். "என்ன சார் வரைவீங்க?" என்றார்.

"புல்லட்."

சிரித்தார். "கோடு போடுவீங்களா?" என்று பிரஷ்ஷை நீட்டினார். ஒரு கழிவு டேங்க்கில் போட்டுப் பார்த்தேன். நாலு அங்குலம் போவதற்குள் கோடு கோணிக்கொண்டது. அவர் துணியால் துடைத்துவிட்டு அடுத்த டேங்க்கை எடுத்தார்.

என் ஓவியம் இப்போது மும்பையில் ஒருவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இனி திருத்த முடியாது. வலது கீழ் மூலையில் என் பெயர் இருக்கிறது. டேங்க்கில் அவர் பெயர் இல்லை. அவர் இருந்ததற்கான ஒரே சாட்சியையும் நான் டேப் ஒட்டி மறைத்துவிட்டேன்.