ஸ்பானருக்குப் பொட்டு மட்டும் போதுமா?

ஆயுத பூஜையன்று புனே நகரப் பட்டறைகளில் ஸ்பானரும் குறடும் சுத்தியலும் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. மராத்திய மக்கள் அதே நாளைக் 'கண்டே நவமி' என்று கொண்டாடுகின்றனர். கருவியே சோறு போடும் தெய்வம் என்பதில் இரு மொழியினருக்கும் வேறுபாடில்லை. ஆனால் அந்தக் கருவியை வாங்க மெக்கானிக் படும் பாட்டை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பிம்பிரி, சிஞ்ச்வட் ஆலைத் தொழிலாளிக்கு நிர்வாகம் கருவி தருகிறது. குமாஸ்தாவுக்கு அலுவலகம் மேசையும் காகிதமும் தருகிறது. சொந்தமாகச் சாலையோரப் பட்டறை வைத்தவரோ ஒவ்வொரு 'பானா'வையும் தம் கைப்பணத்தில்தான் வாங்க வேண்டும். மலிவுச் சரக்கை வாங்கினால் ஸ்பானரின் வாய் விரிந்துவிடும். நட்டின் முனை மழுங்கிவிடும். நஷ்டமும் அவருக்கே; கெட்ட பெயரும் அவருக்கே.

1972-ல் பஜாஜ் நிறுவனம் கொண்டுவந்த சேத்தக் ஸ்கூட்டரின் அன்றாடக் கோளாறுகளுக்குச் சில ஸ்பானர்களும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதுமாயிருந்தன. 2020-ல் அதே பெயர் மின்சார ஸ்கூட்டராக மீண்டும் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்ததால், பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்ப்பரேட்டர் போய் மின்னணுச் சாதனம் புகுந்தது. புகை குறைவது நல்லதே. ஆனால் காதால் கேட்டே கோளாறைச் சொன்னவரும் இன்று ஸ்கேனர் வாங்க வேண்டியிருக்கிறது. 'உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பது இவருக்கும் பொருந்தும்.

மத்திய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. கருவி வாங்க 15,000 ரூபாய், பயிற்சி நாட்களில் தினம் 500 ரூபாய், ஈடின்றி 5 சதவீத வட்டியில் 3 லட்சம் ரூபாய் வரை இரு தவணைகளில் கடன் ஆகியவை அதன் சலுகைகள். தச்சர், கொல்லர், தையற்காரர், முடிதிருத்துவோர் உள்ளிட்ட 18 தொழில்கள் பட்டியலில் உள்ளன. சுத்தியலும் கருவிகளும் செய்பவருக்கும் அதில் இடமுண்டு. அக்கருவியைப் பிடித்து உழைக்கும் மோட்டார் மெக்கானிக்குக்கு இல்லை!

இது பரம்பரைத் தொழிலுக்கான திட்டம் என்று சமாதானம் சொல்லப்படலாம். சிறு வயதில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, குருவின் கையைப் பார்த்தே தொழில் கற்றவர்கள் மெக்கானிக்குகள். இதைவிடப் பரம்பரை வேறென்ன? முத்ரா கடன் உண்டே என்பாரும் உளர். உண்டுதான், ஆனால் கடன் வேறு, கருவிக்கான உதவி வேறு.

ஆகவே 19-வது தொழிலாக மோட்டார் மெக்கானிக் தொழிலைச் சேர்க்க மத்திய அரசு ஆவன செய்ய வேண்டும். மகாராஷ்டிர அரசும் இதை வலியுறுத்த வேண்டும்.

அதுவரை நம்மவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கட்கியிலும் தாபோடியிலும் பக்கத்துப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஐந்து பேர் கூடிச் சீட்டுப் போட்டால் ஒரு ஸ்கேனரைப் பொதுவில் வாங்கலாம். படிவம் நிரப்பவும் வங்கிக்கு உடன் செல்லவும் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் முன்வரலாம். தமிழ் அமைப்புகள் விழா மேடைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கைக் கருவி நிதியாக ஒதுக்கலாம்.

நவமியன்று கருவிக்குப் பொட்டு வைக்கும் சமூகம், மற்ற நாட்களில் அதைப் பிடிக்கும் கையையும் நினைக்க வேண்டும். செய்வார்களா?