கையேட்டில் இல்லாத ஒரு பிற்பகல்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வியில் ஒரு குழந்தை இரண்டு கட்டங்களில்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறதா என்று பார்க்கும் முதல் மூன்று வகுப்புகளில் ஒருமுறை. பொதுத்தேர்வு வரும் மேல்வகுப்புகளில் மறுமுறை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. 2022 ஜூனில் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபோது அது ஒன்று முதல் மூன்று வரைதான். நான்கும் ஐந்தும் அடுத்த கல்வியாண்டில்தான் சேர்ந்துகொண்டன. அதற்கு முன் ஐந்தாம் வகுப்பு தலைப்புச் செய்தியானது 2019-ல், அதற்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தபோது. எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரியில் அந்த முடிவு கைவிடப்பட்டது. கூடவே ஐந்தாம் வகுப்பைப் பற்றிய பேச்சும் ஓய்ந்துவிட்டது.

இத்தனைக்கும் அது வாதாடத் தொடங்கும் வயது. இரண்டாம் வகுப்பில் ‘மிஸ் சொன்னாங்க’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஐந்தாம் வகுப்பில் ‘அது எப்படி மிஸ்?’ வந்துவிடும். கூட்டல் தெரிந்த பிள்ளை எதை எதோடு கூட்டுவது என்று யோசிக்கத் தயாராகிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசித்ததை நம்பலாமா என்று கேட்கத் தயாராகிறது. நாமோ, வகுப்பு சலிக்கிறது என்றால் உடனே பொருள் தேடிக் கிளம்புகிறோம். வண்ண அட்டை, பொம்மை, பாட்டு, காணொலி, ஸ்மார்ட் போர்டு. பொருள் வந்தால் சலிப்பு போய்விடும் என்பது நம்முடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பெருங்குடி போன்ற பகுதியில் இந்த நம்பிக்கையின் இரண்டு வடிவங்களையும் பார்க்கலாம். ஐ.டி. வளாகங்களைப் பின்தொடர்ந்து வந்த கட்டணப் பள்ளிகளில் அதற்குப் பெயர் ‘ப்ராஜெக்ட்’. தெர்மாகோல் சூரியக் குடும்பம், பஞ்சு ஒட்டிய நீர்ச்சுழற்சி. ஸ்டேஷனரி கடையில் பாதி ரெடிமேடாகவே கிடைக்கிறது. மீதிக்கு அப்பா இரவு பதினொரு மணிக்கு ஃபெவிகாலும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மதிப்பெண் யாருக்கு என்பது ஆசிரியைக்கும் தெரியும். அரசுப் பள்ளிகளில் பொருளை அரசே தருகிறது. அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை; அந்த வரலாறு சென்னைக்குப் பெருமை சேர்ப்பது.

2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிவைத்தார். ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலிப் பள்ளி தன்னைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறைதான் அதற்கு மூலம். மாநகராட்சிப் பள்ளிகள் முழுவதற்கும் பரவி, 2007-08-ல் மாநிலமெங்கும் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சுகள் விலகின, பாய் வந்தது. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேல் கம்பிப்பந்தலில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கின. பாடம் ஏணியாகி, ஏணியில் மைல்கற்கள் வந்தன. பிள்ளை தன் படிநிலையைத் தானே பார்த்து, தனக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. பிரம்பைக் கீழே வைக்கச் சொல்லும் சுற்றறிக்கைகள் சாதிக்காததை அந்தப் பாய் சாதித்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அட்டைக்கு ஒரு குணம் உண்டு. அதில் கேள்வி அச்சாகும்போதே விடையும் முடிவாகிவிடுகிறது. பிள்ளை செய்ய வேண்டியது அந்த விடைக்குப் போய்ச் சேர்வது மட்டுமே. ஆறு, ஏழு வயதில் அதுவே விளையாட்டு. ஒன்பது வயதில் அது அலுவலகக் கோப்பு நகர்வதுபோல் ஆகிவிடுகிறது: எடு, முடி, அடுத்தது. மேல்வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியின் மனவரைபடத்துக்கும் இதே கதிதான். தொடக்கத்தில் பிள்ளைகள் யோசித்து வரைந்தார்கள். நாளடைவில் பல வகுப்புகளில் கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து வரைந்தார்கள்.

அந்தச் செயல்வழி வகுப்பறையில் ஒரே ஒரு பொருள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. வானிலை அட்டவணை. தினமும் ஒரு பிள்ளை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து வெயிலா, மேகமா, மழையா என்று குறிக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்குரிய விடை எந்த அட்டையிலும் இல்லை. ஆசிரியையின் கையேட்டிலும் இல்லை. பாதி வெயில், பாதி மேகம் என்றால் எதைக் குறிப்பது என்று இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் இருவரையும் மறுபடி வாசலுக்குத்தான் அனுப்ப வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கான பாடத் திட்டத்தை இந்த மூலையிலிருந்து வளர்த்திருக்கலாம். நாம் அட்டைகளை வளர்த்தோம்.

வளர்த்திருந்தால் எப்படி இருக்கும்? பெருங்குடியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளி முற்றத்தில் மூன்று பாத்திரங்கள்: மூடி கழற்றிய பால் பவுடர் டின், மேல்பக்கத்தைப் பெரியவர் யாராவது வெட்டிக் கொடுத்த எண்ணெய் டின், ஒரு பிளாஸ்டிக் பக்கெட். மழை வருவதற்கு முன் ஆசிரியை ஒரே கேள்வி கேட்கிறார்: எதில் தண்ணீர் அதிக உயரம் நிற்கும்? கை தூக்கச் சொன்னால் பெரும்பாலான கைகள் பக்கெட்டுக்குப் போகும். பெரிய வாய், நிறைய மழை பிடிக்கும் என்பது நியாயமான வாதம். சின்ன டின் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று ஒரு கட்சியும் கட்டாயம் எழும். பெயர்களைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட வேண்டும். பந்தயம் என்று வந்துவிட்டால் மழை நிற்கும்வரை பொறுமையிருக்காது.

மழை நின்றதும் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி அளந்தால், இரண்டு டின்களிலும் ஏறக்குறைய ஒரே உயரம். இது முதல் அதிர்ச்சி. பக்கெட்டில் கொஞ்சம் கூடுதல். பக்கெட் கட்சி குதிக்கும். விடையை ஆசிரியை சொல்லிவிடாமல் இருப்பதற்குத்தான் இங்கே பயிற்சி வேண்டும். எண்ணெய் டின்னின் வாயும் பெரிதுதானே, அது ஏன் ஜெயிக்கவில்லை என்று மட்டும் அவர் கேட்கலாம். யாராவது ஒரு பிள்ளை பக்கெட்டைக் கவிழ்த்துப் பார்க்கும்: அடி குறுகல், வாய் அகலம். டின்களுக்கோ அடியும் வாயும் ஒன்று. பக்கெட் கட்சி ஜெயித்தது உண்மை, ஆனால் அவர்கள் சொன்ன காரணம் தவறு. சரியான விடையைத் தவறான காரணத்தோடு சொல்ல முடியும் என்பதைப் பத்து வயதில் கண்ணால் பார்ப்பது சாதாரண விஷயமல்ல. வானிலை அறிக்கையில் மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு தானாகப் புரியும்.

மறுநாள் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வகுப்பறையை டேப் பிடித்து அளந்தால் எட்டுக்கு ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 48 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு மேல்கூரையில் விழுவது 480 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 32 குடம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளைக்கு 32 குடம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. ஆனாலும் 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் பழைய மகாபலிபுரம் சாலையின் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லின. அந்த 32 குடமும் எங்கே போகிறது? கூரையிலிருந்து குழாய், குழாயிலிருந்து உறைகிணறா, தெருவா? தெருவிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கா, நேராகப் பக்கிங்காம் கால்வாய்க்கா? சதுப்பு நிலத்துக்குப் போனால் அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், கடல். முதல் ஐம்பது மீட்டரைப் பிள்ளைகள் நடந்தே பார்த்துவிடலாம். அந்த ஐம்பது மீட்டருக்கான விடை பெரும்பாலும் ஆசிரியைக்கும் தெரியாது. அதில்தான் இந்தப் பாடத்தின் பலம் இருக்கிறது.

தமிழ்ப் பாடவேளையும் இதிலேயே வந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கேட்டு எழுதிவரச் சொன்னால் போதும். ஒரே தெருவிலிருந்து மூன்று வீடு மூன்று உயரம் சொல்லும். ‘கழுத்து மட்டும்’ என்பார் ஒருவர். அவர் உட்கார்ந்திருந்தாரா, நின்றிருந்தாரா என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாட்சியை எப்படி எடைபோடுவது என்பதற்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

பறவைகளை எண்ணுவதிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். கூழைக்கடாவும் நாமக்கோழியும் உண்டு, பருவத்தில் பூநாரையும் வரும். ஆண்டுதோறும் பொங்கலையொட்டிப் பறவை ஆர்வலர்கள் தமிழகமெங்கும் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கூட்டமாக நிற்கும் பறவைகளை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அதைப்போல் எத்தனை இடம் என்று மதிப்பிடுவார்கள். முப்பது பிள்ளைகளைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய 200 அடிச் சாலையோரம் கூட்டிப்போக முடியாத பள்ளியில், ஒரு படிப் புளியங்கொட்டையைத் தரையில் இறைத்தால் இந்தக் கலையை அங்கேயே பழகலாம்.

பெருங்குடி குப்பைக் கிடங்கை என்ன செய்வது? பாடத்துக்கு அதைவிடப் பெரிய பொருள் அருகில் இல்லை. 2022 ஏப்ரல் இறுதியில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததைச் சுற்றுவட்டாரம் மறந்திருக்காது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணியை மாநகராட்சி கையில் எடுத்தது. ஆனால் இதில் நான் தயங்குகிறேன். அந்தக் கிடங்கையும் குப்பை பொறுக்குவதையும் நம்பிப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். ‘உங்க அம்மா என்ன பண்றாங்க, சொல்லு’ என்று எழுப்பி நிறுத்தும் பாடம் எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் வேண்டாம். வகுப்பின் ஒரு வாரக் குப்பையைத் தராசில் நிறுத்தால் போதும். ஊர்க் குப்பையில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று அங்கிருந்து கணக்குப் போடலாம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிப்பே தடுமாறும்போது மழை அளக்க எங்கே நேரம்? எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது இந்தத் தடுமாற்றத்தை நேர்மையாக ஒப்புக்கொள்வதால்தான். வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ புத்தகங்களும் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கென்று வந்த ‘ஊஞ்சல்’ இதழும் நல்ல முயற்சிகள். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நிலை பிரித்த பிறகு அரும்புப் பிள்ளையும் மலர்ப் பிள்ளையும் ஒரே கேள்வியில் மோதும் இடம் வகுப்பில் ஒன்றாவது வேண்டாமா? பக்கெட்டைக் கவிழ்த்துப் பார்ப்பது அரும்புப் பிள்ளையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்தின் பிள்ளைக்கு ஸ்கேலில் 23 மில்லிமீட்டர் படிக்கத் தமிழ் தடையில்லை. நாலு பேரோடு வாதாடும் சாக்கில் தமிழும் வரும்.

உண்மையான தடை பிள்ளைகளிடம் இல்லை. ஆசிரியரின் நாளில் கையேடு சொல்லும் செயல்பாடு, செயலியில் ஏற்ற வேண்டிய மதிப்பீடு, எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தில் பதிவு, ஏதாவதொரு தினத்தின் உறுதிமொழிக்குப் புகைப்படம் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். புதுமையான கற்பித்தலுக்கும் ஓர் இணைப்பு திறந்து, இரண்டு படம் பதிவேற்றச் சொன்னால் கதை முடிந்தது. படத்துக்கான மழைமானி ஆயிரக்கணக்கில் கிடைக்கும். மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், பரிசோதனை வழியாகவே முப்பது ஆண்டுகள் அறிவியல் கற்பித்தது. பாடத்தை மட்டும் மாற்றாமல், தேர்வில் புத்தகத்தையும் சொந்தக் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொள்ள அனுமதித்ததால்தான் அது அவ்வளவு காலம் நின்றது. 2002-ல் அதை மாநில அரசு ஓர் ஆணையில் மூடியது வேறு கதை.

எனவே என் கோரிக்கை பொருளுக்கானதல்ல. நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு பிற்பகல். அதற்குக் கையேடு கிடையாது, பதிவேற்றம் கிடையாது, ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்க்க விரும்பினால் பாயில் உட்கார்ந்து பார்க்கலாம். ஜப்பானில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளின் முகத்தைக் கவனித்து, மாலையில் உட்கார்ந்து அதை அலசுவது நெடுநாள் வழக்கம். நமக்கு, அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. மேலிருந்து வரும் காணொலியைப் பார்த்துக் கலைவதற்குப் பதில், பக்கத்துப் பள்ளியில் பக்கெட் பாடம் எங்கே சறுக்கியது என்று அங்கே பேசலாம். பள்ளிக்கு வெளியே ஐம்பது மீட்டர் நடப்பதற்குத் தலைமையாசிரியரின் கையெழுத்தே போதும் என்று கல்வித் துறை ஒரு சுற்றறிக்கையும் அனுப்ப வேண்டும். அது செப்டம்பருக்குள் வந்தால் இந்த ஆண்டு மழைக்கே டின்களை வெளியில் வைத்துவிடலாம்.