மாயை உலகமும் மறைந்த மக்களும்

ரயிலே ஓடாத இந்தத் தீவில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளன் நான். சென்னைக் கல்லூரியில் படிக்கும் என் பேரன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு புதிர் போட்டான். "தாத்தா, இந்த உலகமே யாரோ கணினியில் ஓட்டும் விளையாட்டாக இருக்கலாமாம். அப்படியானால் மனித இனம் அழிந்தால்தான் என்ன?"

மாயை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு முதல் பாதி புதிதல்ல. இரண்டாம் பாதிதான் என்னை உறுத்தியது.

2003-இல் நிக் பாஸ்ட்ரம் என்ற தத்துவ அறிஞர் இதை எழுதினார். மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒன்று, அத்தனை ஆற்றலுள்ள கணினியைச் செய்யுமுன்பே நம்மைப் போன்ற இனங்கள் அநேகமாக அழிந்துவிடும். இரண்டு, செய்ய முடிந்தாலும் முன்னோர் வாழ்வை அதில் ஓட்டிப் பார்க்க அநேகமாக யாரும் முனையமாட்டார்கள். மூன்று, நாம் வாழ்வதே அத்தகைய கணினி உலகில்தான். மூன்றாவதைப் பற்றியே எல்லோரும் சுவையாகப் பேசுகிறார்கள். முதலாவதை யாரும் கவனிப்பதில்லை.

அழிவு என்பது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு நம் அந்தமானே சாட்சி. 1858-இல் ஆங்கிலேயர் இங்கே கைதிகள் குடியிருப்பு அமைத்தபோது, கிரேட் அந்தமானியப் பழங்குடியினர் 5,000 பேருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். மோதலில் மாண்டவர்கள் உண்டு. நோயில் மாண்டவர்களே மிகுதி. 1877-இல் பரவிய தட்டம்மையை யாரும் ஆயுதமாக ஏந்தி வரவில்லை. வந்தவர்களோடு அதுவும் வந்தது, அவ்வளவுதான். 'போ' மொழியை அறிந்த கடைசி மூதாட்டி போவா, 2010 ஜனவரி 26 அன்று காலமானார். தம் மொழியில் பேச ஆளில்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அந்தத் தனிமை கணினி விளையாட்டு என்று அவரிடம் சொல்ல எவருக்கு மனம் வரும்?

இன்னொரு சாட்சியும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில், லிட்டில் அந்தமானில் ஏறக்குறைய நூறு பேரே இருந்த ஓங்கே மக்கள் உயிர் தப்பினர். நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கியதும் மேட்டை நோக்கி ஓடினார்கள். அலை வருமா வராதா என்று அவர்கள் விவாதிக்கவில்லை.

எங்கள் ரயில்வேயிலும் இதே பாடம்தான். பழைய கைகாட்டியில் கம்பி அறுந்தால், எதிர் எடை கையைத் தானாகக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதற்குப் பொருள் 'நில்'. தகவல் இல்லை என்றால் அபாயம் என்றே கொள்ள வேண்டும். ரயில் வராது என்று நினைத்துப் பாதை திறந்தவன் பிழைத்தாலும் அது அவன் திறமையல்ல.

உலகம் மெய்யா பொய்யா என்பதும் அறுந்த கம்பிதான். அதைக் காட்டிக் கவலையை விட்டுவிடுவது, விபரம் தெரியாமல் பச்சை விளக்குக் காட்டுவதற்குச் சமம். அணுகுண்டு, புதிய கொள்ளை நோய், கட்டுக்கடங்காத இயந்திர அறிவு, இவற்றின் முன் கைகாட்டி சிவப்பிலேயே நிற்கட்டும். வட சென்டினல் தீவை யாரும் அண்டக்கூடாது என்ற தடையை நாமும் மதிப்போம். நம் உடம்பிலுள்ள சாதாரணச் சளிகூட அவர்களுக்குக் கூற்றுவனாகலாம்.

விளையாட்டை யாரோ நிறுத்திவிடுவார் என்றால் அது நம் கையில் இல்லை. நாமே நிறுத்திவிடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. பேரனிடம் இதைத்தான் சொன்னேன். அன்பர்களும் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.