'ன்' சொல்லுங்க ஸார்!

கொட்டாவி விடப் பயப்படுகிற ஆசாமியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மூணு வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன். வாயை அகலத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். டவுன் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரே திரும்பிப் பார்ப்பார். அப்புறம் கன்னம், நெற்றிப்பொட்டு, கழுத்து என்று வலி மெதுவாக ஊர்வலம் கிளம்பும்.

மதுரையில் இருந்துகொண்டு மெல்ல முடியாமல் போவது எத்தனை பெரிய தண்டனை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ராத்திரி பதினோரு மணிக்கும் தெருமுனையில் பரோட்டா கொத்துகிற சத்தம். சிநேகிதர்கள் சுக்காவோடு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்து... வேண்டாம் ஸார், நினைத்தாலே அழுகை வருகிறது. பொங்கல் கரும்பில் என் பங்கு அண்ணன் மகனுக்குப் போனது. எனக்கு மிச்சம் ஜிகர்தண்டா மட்டும்தான்.

காது டாக்டரிடம் போனேன். "காது நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுத்து ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். சொத்தையே இல்லாத சொத்து அது. பல் போச்சு, பணம் போச்சு, வலி மட்டும் பத்திரமாக இருந்தது. பி.காம். படித்தவன் பாஷையில், சொத்தை விற்றும் கடன் தீரவில்லை.

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா வாயில் ஆயுதம் எதையும் வைக்கவில்லை. "மூணு விரலைச் சேர்த்து நெடுக்குவாட்டில வாய்க்குள்ள வைங்க" என்றார். கஷ்டப்பட்டு நுழைந்தது. "பாக்கு, பான் மசாலா உண்டா?" இல்லை என்றேன். பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் இறுகி வாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொள்ளும். புற்றுநோய் வரைக்கும் போகலாம். அது வேறு வியாதி. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தது. வெறும் பாக்கும் அந்த வேலையைச் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. "இப்ப உங்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படி இருக்கு?"

"சேர்ந்துதாம்மா இருக்கு. வேற எப்படி இருக்கும்?"

"அங்கதான் தப்பு."

மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர இரண்டு வரிசையும் தொட்டுக்கொள்ளவே கூடாதாம்! காதுக்கு முன்னால் தாடை மண்டையோட்டில் மாட்டியிருக்கிற மூட்டு, நடுவில் சின்னதாய் ஒரு ஜவ்வுத் தட்டு. அது கொஞ்சம் நகர்ந்தால் 'டக்'. வலியில்லாத 'டக்'குக்கு வைத்தியமே தேவையில்லை. ஆனால் நாள் முழுக்கப் பல்லைக் கடித்தால் தசைகள் ஓவர்டைம் பார்த்து வலிக்கத்தான் செய்யும்.

அப்போது ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மார்ச் முடிவு, மாதா மாதம் இருபதாம் தேதி ஜி.எஸ்.டி., தினம் தினம் முதலாளியின் சத்தம். சேர்ந்த அன்றைக்கு அம்மா சொன்னது: "பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் ஓட்டிருடா." தாய் சொல்லைத் தட்டவில்லை. ஒரு வருஷம் கூடுதலாகவே கடித்தேன்.

"'ன்' சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. சொன்னேன். "நாக்கு நுனி எங்க நிக்குதோ, அங்கயே இருக்கட்டும். உதடு மூடியிருக்கணும், பல்லு விலகியிருக்கணும்." ன, ற இரண்டும் நுனிநாக்கு அண்ணத்தில் அழுந்திப் பிறப்பவை என்று தொல்காப்பியர் பிறப்பியலில் எழுதிவைத்திருக்கிறார். வாத்தியார் நடத்தியபோது கவனித்திருந்தால் ஒரு பல் மிஞ்சியிருக்கும்.

மற்றபடி, சில வாரம் மெத்தென்ற சாப்பாடு, வெந்நீர்த் துணி ஒத்தடம், பையப் பைய வாய் திறந்து மூடுகிற பயிற்சி. சூயிங்கம் கூடாது. கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதானா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் 2023-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட சிபாரிசும் நாள்பட்ட தாடைவலிக்குப் பயிற்சி, நீவிவிடுதல், மனசைத் தளர்த்துகிற சிகிச்சை இவற்றைத்தான் முன்னால் வைக்கிறது. ஜவ்வுத் தட்டை வெட்டியெடுக்கிற ஆபரேஷன் வேண்டாம் என்கிறது. 1980-களில் அமெரிக்காவில் அந்த இடத்தில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு வைத்தார்கள். பலருக்கு அது பொடிந்து எலும்பையே அரிக்க, 1990-களின் துவக்கத்தில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 'பல்லை ராவிச் சரிபண்ணிரலாம்' என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். தாடை பூட்டிக்கொண்டாலோ, வீக்கம், காய்ச்சல் இருந்தாலோ தாமதிக்க வேண்டாம். மாடி ஏறினால் தாடை வலித்து, உட்கார்ந்தால் விடுகிறதா? பல்லை விடுங்கள், உடனே இருதய டாக்டரிடம் ஓடுங்கள்.

சரி, பல் ஒட்டியிருப்பதை ஞாபகப்படுத்துவது யார்? மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு! மானிட்டரில் ஒன்று, போனில் ஒன்று, பைக் ஸ்பீடாமீட்டரில் ஒன்று. பொட்டு கண்ணில் பட்டதும் மனசுக்குள் 'ன்'. முதல் வாரம் ஒருநாளைக்கு எண்பது தடவை என்னை நானே பிடித்தேன். நாலு மாசத்தில் வலி முக்கால்வாசி குறைந்தது. மிச்சம் கால்வாசி மார்ச்சில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வேலையை விட்டது அதற்கப்புறம்தான். ஆகவே என்னைப் பார்த்து யாரும் ராஜினாமா எழுத வேண்டாம்.

போன சனிக்கிழமை காளவாசலில் ஒரு கொத்துப் பரோட்டா, பாதி இங்கே, பாதி பார்சல். பழைய ஆபீஸ் நண்பர் எதிரே உட்கார்ந்திருந்தார். மானிட்டரில் அந்தப் பொட்டு இன்னும் அப்படியே இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை தோறும் முதலாளி அதற்குச் சூடம் காட்டுகிறாராம்.